பேர் திருட்டு

(சங்கரன்கோவிலில் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பேர் திருட்டு என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆடு திருடுவான், மாடு திருடுவான், கழுத்துச் சங்கிலியை அறுப்பான், தறியில் கிடக்கும் பாவைக்கூட அறுத்துக்கொண்டு போவான். பேரை எப்படி ஐயா திருடுவான்? திருடினாலும் நம் பேர் நம்மிடத்தில்தானே இருக்கிறது? என்று கேட்பீர்கள். இந்தத் திருட்டின் சூது அங்கேதான் இருக்கின்றது. மாடு போனால் தொழுவம் வெறுமையாகத் தெரியும். சங்கிலி போனால் கழுத்து சொல்லிவிடும். பேர் போனால் ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. நீங்கள் வழக்கம் போலச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பீர்கள். ஆறு மாதம் கழித்து, வாங்காத கடனுக்கு வசூல்காரன் வாசலில் வந்து நின்று ஊர் கேட்கக் கத்தும்போதுதான், நம் பேரில் வேறொருவன் வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்ற சங்கதி தெரியவரும்.

பேர் என்று நாம் சொல்லுவது அப்பன் வைத்த பேரை மாத்திரமல்ல. பிறந்த தேதி, ஆதார் எண், பான் எண், பாங்கிக் கணக்கு, செல்போன் எண், கையெழுத்து, கட்டைவிரல் ரேகை, முகப்படம் ஆகிய இத்தனையும் சேர்ந்துதான் இன்றைக்கு ஒரு மனிதனுக்குப் பேர். முன் காலத்தில் ஒருவன் இன்னான் என்பதற்கு ஊரே சாட்சியாக இருந்தது. நெசவாளர் தெருவில் நின்று ஒருவன் "நான்தான் மேலத்தெரு இன்னார் மகன்" என்று பொய் சொன்னால், எதிர்வீட்டுக் கிழவி செருப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இன்று பாங்கியிலும் ஆபீசிலும் ஆளுக்குப் பதில் எண்தான் பேசுகிறது. எண்ணை வைத்திருப்பவனே ஆள் என்று ஆகிவிட்டது. ஆகவே எண்ணைத் திருடினவன் ஆளையே திருடினவனாகிறான்.

சட்டமும் இதைத் திருட்டு என்றே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு 2008-ல் செய்த திருத்தத்தில் 66-சி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பிறருடைய மின்னணுக் கையெழுத்தையோ, ரகசியச் சொல்லையோ, இன்னாரென்று காட்டும் வேறு எந்த அடையாளத்தையோ மோசடியாக உபயோகித்தால் 3 வருஷம் வரை சிறையும் 1 லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதீய நியாய சம்ஹிதையின் 319-வது பிரிவில் ஆள்மாறாட்ட மோசடிக்கு 5 வருஷம் வரை தண்டனை உண்டு. சட்டம் இருப்பது சரி. ஆனால் திருட்டுப் போனது என்று உடையவனுக்கே தெரியாவிட்டால் சட்டம் யாரைத் தேடிப் பிடிக்கும்?

புராணத்து ஆள்மாறாட்டம்

இது கலியுகத்தில் வந்த கேடு என்று ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார். அவர் புராணத்தைச் சரியாகப் படிக்கவில்லை போலும். கௌதமனுடைய உருவத்தைத் திருடிக்கொண்டு அவன் வீட்டுக்குள் நுழைந்தவன் யார்? தேவர்களுக்கெல்லாம் ராஜாவாகிய இந்திரன். ஏமாற்றினவன் பிறகும் தேவராஜாவாகவே இருந்தான். ஏமாந்த அகலிகை கல்லாய்க் கிடந்தாள். தோழர்களே, இந்தக் கதை நடந்ததா இல்லையா என்ற விவகாரம் நமக்கு வேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் நியாயம் என்ன என்று பாருங்கள். மோசம் போனவர்களுக்கே தண்டனை என்பதுதான் அந்த நியாயம். இன்றைக்கும் பணத்தைப் பறிகொடுத்த ஒரு பெண்பிள்ளை பாங்கிக்குப் போய் அழுதால், "நீ ஏன் அம்மா சொன்னாய்?" என்று முதலில் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் புருஷனும் மாமியாரும் அதையே கேட்கிறார்கள். திருடினவன் எவன் என்று கேட்க ஒருவருமில்லை. கௌதமர்கள் இன்னும் செத்துப் போகவில்லை.

அதே புராணத்தில் தமயந்தி கதையும் இருக்கிறது. நளனைப் போலவே வேஷம் போட்டு நாலு தேவர்கள் சுயம்வரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் திகைத்து மாலையைக் கண்டவன் கழுத்தில் போட்டுவிடவில்லை. கண் இமைக்கிறதா, கால் தரையில் படுகிறதா, போட்டிருக்கிற மாலை வாடுகிறதா என்று பார்த்து, பிறகே ஆளைத் தீர்மானித்தாள். தேவர்களே ஆனாலும் பரிசோதிக்காமல் நம்பக்கூடாது என்பதை அந்தக் கதையே ஒப்புக்கொள்ளுகிறது. நாமும் அதைத்தான் சொல்லுகிறோம்.

உயிரோடிருந்து செத்தவர்

பேர் திருட்டுக்கு செல்போன்கூட வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தில் அஸம்கர் ஜில்லாவில் லால் பிகாரி என்று ஒரு விவசாயி. 1970-களில் அவர் பாங்கியில் கடன் கேட்பதற்காக அத்தாட்சி வாங்கப் போனார். ரெவின்யூ தஸ்தாவேஜில் அவர் செத்துப்போய்விட்டதாக எழுதியிருந்தது. எதிரில் நிற்கிற மனிதரைப் பார்த்தே "நீ செத்துவிட்டாய்" என்று சொன்னார்கள். விசாரித்ததில், அவருடைய சிற்றப்பன் உத்தியோகஸ்தருக்குக் கையூட்டுக் கொடுத்து அவரைச் சாகடித்து, நிலத்தைத் தன் பேரில் மாற்றிக்கொண்டது தெரியவந்தது.

உயிரோடிருக்கிறேன் என்று ருஜுப்படுத்த அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. போலீசு பிடித்துக்கொண்டு போனாலாவது பேர் பதிவாகுமே என்று குற்றம் செய்யப் பார்த்தார். தம் மனைவிக்கு விதவை உதவிப் பணம் கேட்டு மனுப் போட்டார். பெரிய தலைவர்களை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். தம் பேரோடு செத்தவன் என்று பொருள்படும் "மிருதக்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். தம்மைப் போல் தாளில் கொல்லப்பட்டவர்களைத் திரட்டி மிருதக் சங்கம் என்றே ஒரு சங்கம் வைத்தார். 1994-ல்தான் சர்க்கார் அவரை மறுபடியும் உயிர்ப்பித்தது. செத்தவனைத் திதி கொடுத்துப் பரலோகத்துக்கு அனுப்புவதற்குப் புரோகிதர் ஒரு நாழிகை எடுத்துக்கொள்ளுகிறார். தாளில் செத்தவன் திரும்பி வர ஏறக்குறைய 19 வருஷம் ஆயிற்று.

இதை ஏன் சொல்லுகிறோமென்றால், நம் ஜில்லாவில் கடையநல்லூர், புளியங்குடிப் பக்கங்களிலிருந்து அரபு நாடுகளுக்குப் போய் வருஷக்கணக்காக இருப்பவர்கள் ஏராளம். அவர்களுடைய நிலமும் வீடும் இங்கே கிடக்கின்றன. போலி ஆளை நிறுத்தி, போலி அடையாளச் சீட்டைக் காட்டி, பிறர் நிலத்தைப் பத்திரம் முடிக்கும் ஆள்மாறாட்ட வழக்குகள் தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளுக்குப் புதியதல்ல. அயலூரில் இருக்கிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பதிவுத்துறை வலைத்தளத்தில் தங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பார்க்க வேண்டும். அங்கே பார்ப்பதற்குக் காசில்லை. பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதையும் சர்க்கார் வலைத்தளத்தில் பார்க்கலாம். சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறானே, அவன் பார்த்துக்கொள்ளுவான் என்று இருந்தால், லால் பிகாரியின் சிற்றப்பனும் சொந்தக்காரன்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண் பூட்டாகாது

அமெரிக்காவில் 1938-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் சமூகப் பாதுகாப்பு எண் என்று ஒன்று கொடுத்தார்கள். நியூயார்க் மாகாணத்தில் லாக்போர்ட் என்ற ஊரிலுள்ள ஒரு பணப்பை கம்பெனி, அந்தச் சீட்டைப் பையில் எப்படி வைப்பது என்று காட்டுவதற்காக ஒரு மாதிரிச் சீட்டை அச்சடித்து ஒவ்வொரு பைக்குள்ளும் வைத்து விற்றது. அச்சடித்த எண் பொய் எண் அல்ல. கம்பெனியில் வேலை பார்த்த ஒரு காரியதரிசி அம்மாளின் சொந்த எண். மாதிரி என்று சிவப்பெழுத்தில் போட்டிருந்தும், வாங்கினவர்கள் அதைத் தங்கள் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். 1943-ல் 5,755 பேர் அந்த ஒரே எண்ணை உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் காலத்தையும் சேர்த்தால் 40,000-க்கு மேல். 1977-ல்கூட 12 பேர் விடவில்லை. அந்த அம்மாளுக்கு வேறு எண் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த 40,000 பேரில் பெரும்பாலோர் திருடர்களல்ல, விவரமறியாதவர்கள். ஆனாலும் ஒரு விஷயம் இதனால் விளங்குகிறது. எண் என்பது கதவில் எழுதிய வீட்டு இலக்கத்தைப் போன்றது. அதைத் தெரிந்து வைத்திருப்பவன் எல்லாம் வீட்டுக்காரன் ஆகிவிட மாட்டான். அப்படியிருக்க, ஆதார் எண்ணையும் ஜெராக்ஸையும் நீட்டினவனுக்கெல்லாம் சிம் கார்டும் கடனும் கொடுக்கிறவன் முதல் குற்றவாளியா இல்லையா என்று கேட்கிறோம். ஒரு கூலிக்காரருடைய ஆதாரையும் பானையும் "கடன் வாங்கித் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போய், அவர் பேரில் கம்பெனி பதிவு செய்து, கடைசியில் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. பாக்கி என்று அவர் குடிசைக்கு நோட்டீஸ் வருகிற சங்கதி நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. கஞ்சிக்கு உப்பு வாங்கக் கணக்குப் பார்க்கிறவன் கோடீஸ்வரனாகிவிட்டான், தாளில்!

ரப்பர் விரல்

எண்தான் பூட்டாகாது, விரல் ரேகையாவது பூட்டாகாதா என்றால், அதன் லட்சணத்தையும் பாருங்கள். ஆதார் எண், பாங்கியின் பேர், கட்டைவிரல் இந்த மூன்றும் இருந்தால் ஊருக்குள் கையில் மெஷின் வைத்திருக்கும் ஏஜெண்டிடம் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஓ.டி.பி. வேண்டாம், அட்டை வேண்டாம். பாங்கிக்குப் பத்து மைல் நடக்க வேண்டிய கிழவிக்கு இது உபகாரமான ஏற்பாடே. ஆனால் 2018-ல் தெலுங்கானாவில் ஒரு சிம் கார்டு வியாபாரி என்ன செய்தான்? பத்திரப் பதிவு இலாகாவின் வலைத்தளத்தில் கிடந்த பத்திரங்களிலிருந்து ஜனங்களின் கைரேகையை எடுத்து, ரப்பரில் விரல் செய்து, அவர்கள் பேரில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்தான். 2023-ல் மேற்கு வங்காளத்தில் இதே வித்தையால் பாங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்தார்கள். பணத்தை இழந்தவர்கள் செய்த குற்றம், நிலத்தை முறையாகப் பதிவு செய்து, கேட்ட இடத்தில் ரேகை வைத்ததுதான்.

நம்முடைய ஜில்லாவில் பீடி சுற்றும் தாய்மார்கள் எத்தனை ஆயிரம்! இலையையும் நூலையும் தேய்த்துத் தேய்த்து ரேகையே அழிந்து போன விரல்கள் அவர்களுடையவை. ரேஷன் கடையில் நின்று அந்த விரலை வைத்தால், "விழவில்லை, துடைத்து வை, இந்த விரல் ஆகாது, அந்த விரலை வை" என்று மெஷின் விரட்டுகிறது. உடையவளுடைய உயிருள்ள விரலை மறுக்கிற மெஷின் திருடனுடைய ரப்பர் விரலை ஏற்றுக்கொள்ளுகிறது என்றால், இதற்கு யார் ஜவாப்தாரி? ரகசியச் சொல் திருட்டுப் போனால் வேறு சொல் வைத்துக்கொள்ளலாம். விரல் திருட்டுப் போனால் வேறு விரலுக்கு எங்கே போவது?

பயமும் ஆசையும்

இனி, திருடன் நம்மிடமிருந்தே நம் பேரை வாங்கிக்கொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று பயம், மற்றொன்று ஆசை.

பயத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். போனில் ஒருவன் போலீஸ் உடுப்போடு தோன்றுகிறான். "உன் ஆதாரில் வாங்கிய சிம் கார்டில் குற்றம் நடந்திருக்கிறது. உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். அறையை விட்டு நகராதே, ஒருவரிடமும் பேசாதே" என்கிறான். 2024 ஆகஸ்டில் லூதியானாவைச் சேர்ந்த 82 வயதுள்ள ஒரு பெரிய நூல் மில் முதலாளிக்கு இப்படியே செய்து, சுப்ரீம் கோர்ட்டுப் பிரதம நீதிபதி விசாரிப்பதைப் போல வேஷங்கட்டி வீடியோவில் காட்டி, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவர் படியாதவரா? ஆள் பலம் இல்லாதவரா? அந்த வருஷம் அக்டோபர் 27-ந்தேதி பிரதம மந்திரியே ரேடியோவில் இதைப் பற்றி எச்சரிக்கும்படி ஆயிற்று. தோழர்களே, டிஜிட்டல் அரெஸ்ட் என்பதாக இந்நாட்டுச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. எந்தப் போலீசும் போனில் கைது செய்வதில்லை, எந்தக் கோர்ட்டும் வாட்ஸ்அப்பில் பணம் கேட்பதில்லை. அதிகாரக் குரலைக் கேட்டவுடன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிற பழக்கம் நமக்கு எத்தனையோ தலைமுறையாக ஊட்டப்பட்டது. அந்தப் பழக்கத்தையே திருடன் முதலாகப் போட்டு வியாபாரம் செய்கிறான். "நீ யார்? எந்த ஸ்டேஷன்? எழுத்து மூலம் அனுப்பு, நேரில் வருகிறேன்" என்று சொல்லிப் போனை வைக்கிற மனிதனிடம் அவன் வியாபாரம் பலிக்காது.

ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, "பணம் ஏறவேண்டுமானால் ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் செய்தவர்கள் இருந்தார்கள். அப்படி யாரும் கேட்கமாட்டார்கள் என்று சர்க்கார் அறிவிக்க வேண்டி வந்தது. 2024 ஜனவரியில் அயோத்திக் கோயில் திறப்பின்போது, வி.ஐ.பி. பாஸ் தருகிறோம், இதை அமுக்குங்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அமுக்கினால் உள்ளே வருவது பாஸ் அல்ல, போனையே பிறன் கையில் கொடுக்கும் சூழ்ச்சி. பக்தனுக்குச் சாமி தரிசனம் கிடைக்காவிட்டாலும் திருடனுக்குப் பக்தனுடைய பாங்கிக் கணக்கின் தரிசனம் கிடைத்துவிடும்.

இன்னொன்று பாருங்கள். இலவச ஜாதகம் என்று செல்போனில் வருகிறது. பேர் கேட்கிறான், பிறந்த தேதி, நேரம், ஊர், தாய் தகப்பன் பேர், செல்போன் எண் எல்லாம் கேட்கிறான். இவற்றைத்தானே பாங்கிக்காரன் இன்னார் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறான்? கொள்ளைக்காரன் வந்து கேட்டால் சொல்லமாட்டோம். சனிப்பெயர்ச்சி என்று சொல்லிக் கேட்டால் வரிசையாக ஒப்பித்துவிடுகிறோம். நம் பணத்துக்கு எந்தக் கிரகத்தால் ஆபத்து என்று சொல்லுகிறவன், அந்த ஆபத்து தானேதான் என்பதை மாத்திரம் சொல்லுவதில்லை.

பேரை வாடகைக்கு விடாதீர்கள்

திருட்டுக் கொடுப்பது ஒருபுறமிருக்க, தாமே பேரை வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். "உன் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன். உன் பேரில் ஒரு சிம் எடுத்துக்கொடு" என்று ஒருவன் கேட்கிறான். வேலையில்லாத பையன் கொடுத்துவிடுகிறான். பிறரிடம் கொள்ளையடித்த பணம் அந்தக் கணக்கின் வழியாக ஓடுகிறது. போலீஸ் வரும்போது திருடன் பேர் எங்குமில்லை, இவன் பேர்தான் எங்கும் இருக்கிறது. தோழர்களே, வேட்டியைக்கூட இரவல் கொடுக்கலாம். பாங்கிக் கணக்கை இரவல் கொடுத்தவன் ஜெயிலையும் சேர்த்து இரவல் வாங்கினவனாகிறான்.

இதன் இன்னொரு முனை கடல் கடந்து இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைத்துப் போய், மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் அடைத்து வைத்து, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்த கூட்டங்களிடமிருந்து 2022-ல் தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டார்கள். மறுத்தவர்களுக்கு அடி உதை. ஆகவே நமக்குப் போன் செய்கிற குரலிலும் சில வேளைகளில் ஒரு அடிமை இருக்கிறான். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன், ஏஜெண்டு சர்க்காரில் பதிவு செய்தவனா என்று விசாரிக்க வேண்டியது அவசியம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ஓ.டி.பி. என்பது கைநாட்டு. நம் பாட்டன்மார் வட்டிக்காரனிடம் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலம் இழந்த கதை உங்களுக்குத் தெரியும். ஓ.டி.பி.யைச் சொல்லுவது அதே வெற்றுப் பத்திரக் கைநாட்டுத்தான். பாங்கி மானேஜரே கேட்டாலும் சொல்லக்கூடாது. வீட்டில் பாட்டிக்கு வரும் எண்ணைப் படித்துச் சொல்லும் பேரப் பிள்ளைகளுக்கும் இதைக் கற்பிக்க வேண்டும்.

இரண்டாவது, ஜெராக்ஸ் கொடுத்தே தீரவேண்டிய இடத்தில், எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் என்று தாளின் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத தாளை விட்டுவிட்டு வராமல் கிழித்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் கடையில் ஏற்றின படத்தை அழிக்கச் சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரும் உண்டு. ஆதார் வலைத்தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். 2022 மே மாதத்தில் ஆதார் அதிகார சபையின் பெங்களூர் ஆபீஸ், கண்டவரிடமும் ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் மேலிடம் அந்த எச்சரிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. எச்சரிக்கையை வாங்கிக்கொண்டார்களே தவிர ஆபத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவது, விரல் ரேகைக்குப் பூட்டுப் போடலாம். ஆதார் வலைத்தளத்திலும் செயலியிலும் அதற்கு வழியிருக்கிறது. பூட்டிவிட்டால் ரப்பர் விரல் பலிக்காது. ரேஷனுக்குப் போகும்போது திறந்துவிட்டு வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் ஆதார் எங்கெங்கே உபயோகமாயிற்று என்று கடந்த 6 மாதக் கணக்கையும் அங்கே பார்க்கலாம். சந்தேகமிருந்தால் 1947 என்ற எண்ணுக்குப் பேசலாம். இவற்றுக்கு உங்கள் செல்போன் எண் ஆதாரோடு சேர்ந்திருக்க வேண்டும். சேராதவர்கள் முதலில் அந்தக் காரியத்தை முடிக்கவும்.

நான்காவது, உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை 2023 மே மாதத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய சஞ்சார் சாத்தி வலைத்தளம் காட்டும். ஒருவர் பேரில் 9 வரை இருக்கலாம் என்பது பொது விதி. நீங்கள் வாங்காதது இருந்தால் அங்கேயே புகார் எழுதலாம். கையிலுள்ள போனில் காரணமில்லாமல் வெகு நேரம் சிக்னல் அற்றுப்போனால், உங்கள் எண்ணை வேறு சிம்மில் எவனாவது வாங்கியிருக்கலாம் என்று உடனே விசாரியுங்கள்.

ஐந்தாவது, வருஷத்துக்கு ஒரு தடவை உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை வாங்கிப் பாருங்கள். சிபில் முதலிய நாலு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இனாமாகக் கொடுக்க வேண்டுமென்று ரிசர்வ் பாங்கு 2017 முதல் ஏற்பாடு செய்திருக்கிறது. நீங்கள் வாங்காத கடன் உங்கள் பேரில் நின்றால் அதில் தெரியும். முக்கியமாக, மகளிர் குழுக்களில் கடன் வாங்குகிற தாய்மார்கள் இதைக் குழுவாகவே உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

போய்விட்டால்?

போய்விட்டால் முதல் காரியம் அழுவதல்ல. 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். இந்த எண்ணை மறக்காமலிருக்க நம்மவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஈரோட்டில் நம் இரண்டாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிய வருஷம் 1930. பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். சீக்கிரம் சொன்னால் நடுவழியில் நிறுத்திவைக்க முடியும். மறுநாள் சொன்னால் அது எங்கேயோ ரொக்கமாகியிருக்கும். பிறகு பாங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து நம்பர் வாங்கிக்கொண்டு, தென்காசி மாவட்டத்து சைபர் கிரைம் போலீசிலும் மனுக் கொடுக்க வேண்டும்.

ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6-ந்தேதி இட்ட உத்தரவு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குற்றம் பாங்கியுடையதாயின் நஷ்டம் முழுவதும் பாங்கியைச் சேரும். பாங்கியும் நீங்களும் தவறாமல் மூன்றாவது ஒருவனால் பணம் போயிருந்து, தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், உங்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. 10 வேலை நாளுக்குள் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 4 முதல் 7 நாளுக்குள் சொன்னால் உங்கள் நஷ்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. உங்கள் பேரில்தான் குற்றம் என்று ருஜுப்படுத்தும் பொறுப்பும் பாங்கியையே சேர்ந்தது. ரப்பர் விரலால் பணம் போனவர் ஓ.டி.பி.யும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பார்த்து "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பதற்குப் பாங்கிக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "நீ காட்டு" என்று திருப்பிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஓ.டி.பி.யை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் புகார் செய்யும் வரையில் போன பணம் உங்களைச் சேரும். புகார் செய்த பிறகு போவது பாங்கியைச் சேரும். ஆகவே அப்போதும் தாமதிக்கக்கூடாது. வெட்கத்தால் மூடி மறைப்பது திருடனுக்கு நாம் செய்யும் இரண்டாவது உதவி. வீட்டில் ஒரு பெண் ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அவள் ஒளிக்கிற அந்த ஒரு நாளில்தான் பணம் கைக்கெட்டாமல் போகிறது.

சிலர் "தலையில் எழுதினது போயிற்று" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். தலையில் எவனும் ஒன்றும் எழுதவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் எழுதினார்கள், பாங்கியில் எழுதினார்கள், கம்ப்யூட்டரில் எழுதினார்கள். மனிதன் எழுதினதை மனிதன் திருத்த முடியும்.

சர்க்காருக்கு ஒரு வார்த்தை

ஜனங்களே ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லிவிட்டால் சர்க்காரின் கடமை தீர்ந்துபோகாது. கேட்டவன் நாமல்ல. ரேகையைக் கொடு, கண்ணைக் காட்டு என்று வாங்கினவர்கள் அவர்கள். வாங்கி வைத்தவன் காவல் காக்க வேண்டும். 2018 ஜனவரியில் 500 ரூபாய் கொடுத்து ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழியை விலைக்கு வாங்க முடிந்ததாக ஒரு பத்திரிகை எழுதியபோது, போலீஸ் புகாரில் அந்தப் பத்திரிகை நிருபரின் பேரையும் சேர்த்தார்கள். திருட்டைக் காட்டினவன் மேலேயே புகார்! ஒருவனுடைய அந்தரங்கம் அவனுடைய அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந்தேதி ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைக் காக்கத் தவறினவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்று அதில் இருக்கிறது. ஆனால் தான் விரும்பும் இலாகாக்களுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் சர்க்கார் அதிலேயே எழுதி வைத்துக்கொண்டது. ஊருக்குச் சட்டம், தனக்கு விலக்கு என்பது நியாயமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

தோழர்களே! தன் பேருக்கு மரியாதை கொடுக்கிறவன் அதை யார் கேட்கிறான், எதற்குக் கேட்கிறான், கொடுக்காவிட்டால் என்ன என்று கேட்பான். அதிகாரியானாலும் சரி, அர்ச்சகரானாலும் சரி, காரணம் சொல்லாதவனுக்குக் கையை நீட்ட மாட்டான். இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் ஆளுக்குப் பத்து வீட்டை எடுத்துக்கொண்டு, அங்குள்ள பெரியவர்களுக்கு 1930 என்ற எண்ணைச் சுவரில் எழுதிக் கொடுத்து, விரலுக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்து, சிம் கணக்கையும் பார்த்துக் கொடுத்தால், அது இன்றைய கூட்டத்தைவிடப் பெரிய காரியமாகும். அதைச் செய்வீர்கள் என்று நம்புகிறோம்.